ஆய்வு மேடை ஏரிக்கரைக்கு வரட்டும்

காடு, காட்டுயிர், மீன்வளம் படிக்கிற முதுகலை மாணவர்களும் முனைவர் பட்ட மாணவர்களும் ஆண்டுதோறும் ஆய்வை முடித்து மேடையேறுகிறார்கள். திரையில் படம் ஓடுகிறது, பேராசிரியர்கள் கேள்வி கேட்கிறார்கள், கைதட்டு, சான்றிதழ், அவ்வளவுதான். அந்த ஆய்வெல்லாம் நடந்தது எங்கே? நம்ம வரப்பு மரத்தில், நம்ம ஏரித் தண்ணியில், காட்டோரத்து ராகிக் கொல்லையில். ஆனால் அந்த அரங்கில் ஒரு உழவரைக்கூடப் பார்க்க முடிவதில்லை. 'என்ன கண்டுபிடிச்சீங்க தம்பி?' என்று நாமும் கேட்டதில்லை.

மாணவர்கள் மேடையேறுவதற்குப் படிப்பு விதியும் ஒரு காரணம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிப்படி, ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்தே ஆகவேண்டும். 2022இல் அந்தக் கட்டாயம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. நல்ல மேடைகளும் இருக்கின்றன. இயற்கைப் பாதுகாப்பு ஆய்வு மாணவர்களுக்கென்றே 2000இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய மாநாடு 2010 முதல் பெங்களூரிலும் நடக்கிறது. ஆனால் பேச்சு ஆங்கிலத்தில், கேட்பவர்களும் அதே துறைக்காரர்கள்.

யானை ஏன் கொல்லைக்கு வருது?

மாணவர் ஆய்வு உழவருக்கு எவ்வளவு உதவும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் போதும். சென்னையைச் சேர்ந்த இராமன் சுகுமார், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக 1980களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், சாமராஜநகர் காடுகளில் யானைகளின் பின்னால் அலைந்தார். காட்டை மட்டும் பார்க்காமல், யானை மேய்ந்துவிட்டுப் போன கொல்லைகளையும் கணக்கெடுத்தார்.

அவர் கண்டது இரண்டு விஷயம். ராகி, நெல் போன்ற பயிர்களில் காட்டுப் புல்லைவிடப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உப்புச் சத்தும் கூடுதல். காட்டில் தீனி இல்லாதபோதுதான் யானை வரும் என்று நினைக்க வேண்டாம், நல்ல தீனியைத் தேடியும் வரும். அடுத்தது, குட்டியோடு இருக்கும் பெண் யானைக் கூட்டத்தைவிட ஆண் யானைதான் அதிக முறை கொல்லைக்குள் இறங்குகிறது. எந்த யானை, எதற்காக வருகிறது என்று தெரிந்தால்தான் வேலி, காவல், பயிர்த்தேர்வு எல்லாவற்றையும் யோசிக்க முடியும். ஒரு மாணவரின் ஆய்வேடு கொடுத்த விடை இது.

இன்றைக்கு மயில் கதையும் அதேதான். விதைத்ததைக் கொத்துது, தக்காளியைக் கொத்துது என்று ஊர் ஊராகப் புலம்புகிறோம். எந்தப் பயிரில், எந்தப் பருவத்தில், எத்தனை சதம் சேதம் என்று நம்மிடம் கணக்கு இல்லை. மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிர் உயிரியல் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தலைப்பு வேண்டும், நமக்குக் கணக்கு வேண்டும்.

சேக்காட்டு ஏரியில் என்ன மீன்?

ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில் இருக்கிறது சேக்காடு. 2019இல் உருவான ஆவடி மாநகராட்சிக்குள் வருகிறது. வயல் குறைந்து வீடு பெருகிவிட்ட பகுதி. ஆயக்கட்டு சுருங்கினால் மதகைப் பற்றிய கவலை போகிறது, வரத்துக்கால் அடைபடுகிறது, மழைத்தண்ணி வரவேண்டிய வழியில் சாக்கடை வருகிறது. சென்னையின் மேற்கு ஓரத்து ஏரிகள் பலவற்றின் கதை இதுதான்.

தண்ணி மாறினால் மீனும் மாறும். விரால், குறவை, கெளுத்தி, உளுவை, அயிரை என்று நம் பெரியவர்கள் பெயர் சொல்லிப் பிடித்த ஏரிகளில் இன்று வலை போட்டால் பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டைதான். அது 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட மீன். ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் மோசம். சாக்கடைத் தண்ணியிலும் காற்றைக் குடித்துப் பிழைக்கும், கண்ட மீனையெல்லாம் தின்னும். அதை வளர்க்க 2000ஆம் ஆண்டிலேயே ஒன்றிய அரசு தடை போட்டது. தடை காகிதத்தில் இருக்கிறது. நம்ம ஏரியில் அது இருக்கா இல்லையா என்று யார் பார்ப்பது?

பார்க்கக்கூடியவர்கள் தொலைவில் இல்லை. இதே திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. புதுத்தண்ணிக்கு மீன் எந்த வாய்க்காலில் ஏறும், விரால் குஞ்சு செவசெவன்னு கூட்டமாகத் திரியும்போது தாய் மீன் எப்படிக் காவல் காக்கும் என்பது வலை போடுகிறவருக்குத் தெரியும். மீனை எண்ணவும், தண்ணியைச் சோதிக்கவும், இனத்தைச் சரியாகப் பிரிக்கவும் மாணவருக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒரே கரையில் உட்கார்ந்தால் அது முழுமையான ஆய்வு.

ஆய்வு கரைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி குழுவினர் ஊசி போட்டுக் கெண்டை இனங்களை முட்டையிட வைத்தார்கள். அதுவரை ஆற்றில் அரித்துதான் குஞ்சு பிடிக்கணும். இன்று பண்ணைக்குட்டையில் நாம் விடுகிற கட்லா, ரோகு குஞ்சு அந்த ஆய்வின் பலன். ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் தினமானது அதனால்தான்.

கதவு திறந்துதான் இருக்கு

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு மூடிய அறையில் நடப்பதில்லை. துறை ஆசிரியர்கள், மற்ற ஆய்வு மாணவர்கள், ஆர்வமுள்ள வல்லுநர்கள் வரலாம் என்று மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதியில் இருந்தது. முப்பது வருஷம் ஏர் ஓட்டியவர் வல்லுநர் இல்லையா? முன்கூட்டியே துறைத்தலைவரிடம் கேட்டுவிட்டுப் போய் உட்காருங்கள்.

ஆய்வேடுகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு 'சோத்கங்கா', வேளாண் சார்ந்த ஆய்வேடுகளுக்கு 'கிருஷிகோஷ்'. பெரும்பாலும் ஆங்கிலம்தான், கல்லூரி போகிற நம் பிள்ளைகளை விட்டுக் கடைசி அத்தியாயத்தையும் சுருக்கத்தையும் படித்துச் சொல்லச் சொல்லலாம். கூடவே ஒரு கோரிக்கையை நம் சங்கங்கள் எழுப்ப வேண்டும்: நிலம், நீர், காடு பற்றிய ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் கட்டாயமாகட்டும். நம் வரிப்பணத்தில் நடக்கும் படிப்புக்கு இதைக் கேட்பது அதிகமில்லை.

மாணவரிடம் என்ன கேட்பது?

1. எந்த ஊரில், யார் நிலத்தில், எத்தனை பருவம் பார்த்தீர்கள்? ஒரு பருவத்தை வைத்து மானாவாரிக்கு முடிவு சொல்ல முடியாது.

2. உரம், மருந்து போட்ட நிலமா, இயற்கை வழி நிலமா? இரண்டின் விளைவும் ஒன்றாக இருக்காது.

3. வரப்பில் மலைவேம்பு, சவுக்கு வைக்கச் சொன்னால், மரத்தை ஒட்டிய பயிர் எத்தனை வரிசைக்கு விளைச்சல் குறைந்தது? மரக்காசு அதை ஈடுகட்டியதா? மேட்டுப்பாளையம் வனக் கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

4. செலவு எவ்வளவு? கல்லூரிப் பண்ணையில் கூலி கணக்கில் வராது, நமக்கு வரும்.

5. முடிவை எங்க ஊரில் வந்து சொல்வீர்களா?

கேட்பதோடு கொடுக்கவும் வேண்டும். மழை அளவு, விதைத்த தேதி, மயில் வந்த நாள், ஏரி கலங்கல் போன ஆண்டு, வலையில் விழுந்த மீன் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு வருஷத்தில் கிளம்பிவிடும் மாணவருக்கு இருபது வருஷக் குறிப்பு கிடைத்தால் அது பொக்கிஷம்.

ஐப்பசி மழைக்கு ஏரிகள் நிரம்பும். அதற்கு முன்பே அருகிலுள்ள மீன்வள, வன, விலங்கியல் துறைக்கு உங்கள் குழுவின் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள். ஏரியின் பெயர், வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, உங்களுக்கு விடை தெரிய வேண்டிய ஒரே ஒரு கேள்வி, இவை போதும். வருகிற பிள்ளைக்குத் தங்க ஒரு திண்ணையும் ஒரு வேளைக் கூழும் நம்ம பொறுப்பு.