பாட்டிலை அமுக்கக் கற்றவர்கள்

2017 வாக்கில் பிரிட்டனில் ஒரு நல்ல வேப் (மின்சிகரெட்) கடைக்குப் போய் 'பாட்டம் ஃபீடர்' வேண்டும் என்றால், கடைக்காரர் அதைச் சட்டென்று எடுத்துக் கையில் கொடுத்துவிட மாட்டார். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று விசாரிப்பார். காயில் (கம்பிச் சுருள்) சுற்றிப் பழக்கமுண்டா, ஓம் விதி தெரியுமா என்பார். தெரியாது என்றால் வேறு ஏதாவது எளிய கருவியைக் காட்டுவார். வந்தவர் பிடிவாதக்காரராக இருந்தால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்துப் பாடம் தொடங்கும்.

கருவி பார்வைக்கு எளியது. உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி. உள்ளே ஒரு பக்கம் 18650 என்ற அளவுள்ள லித்தியம் பேட்டரி, மறுபக்கம் ஏழெட்டு மில்லி ஜூஸ் (ஆவியாக்கும் திரவம்) பிடிக்கும் மெத்தென்ற பாட்டில். பெட்டியின் தலையில் டிரிப்பர்: ஒரு குட்டி மேடை, அதில் திருகி வைத்த கம்பிச் சுருள், சுருளுக்குள் நுழைத்த பஞ்சு. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலப் பஞ்சு ஜூஸை இழுக்கும். சுருள் சூடாகி அதை ஆவியாக்கும். பெட்டியில் உள்ள ஓட்டை வழியாக விரலால் பாட்டிலை அமுக்கினால் ஜூஸ் குழாயில் ஏறி, நடுவில் துளையிட்ட முள் வழியாகப் பஞ்சை நனைக்கும். விரலை எடுத்தால் பாட்டில் பழைய வடிவத்துக்கு வரும். வரும்போதே மிச்ச ஜூஸைக் கீழே உறிஞ்சிக்கொள்ளும். மோட்டாரும் இல்லை, பம்பும் இல்லை.

அதற்கு முந்தைய காலத்தில் டிரிப்பர்காரர்கள் நாலு இழுப்புக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி, தனி பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார்கள். கார் ஓட்டும்போது அது நடக்கிற காரியமா? அந்தத் தொல்லைக்கு அமெரிக்காவில் சிறு பட்டறைக்காரர்கள் கண்ட தீர்வுதான் பாட்டிலைக் கீழே வைப்பது. 2010 வாக்கில் வந்த 'ரியோ' அலுமினியப் பெட்டிகள் அந்த வகை. அவற்றில் சிப் கிடையாது. பொத்தானை அழுத்தினால் பேட்டரியும் சுருளும் நேரே சேரும், அவ்வளவுதான். பிறகு சீனாவின் ஷென்ஜென் தொழிற்சாலைகள் இதைக் கையிலெடுத்தன. கேங்கர் 'டிரிப்பாக்ஸ்', வேண்டி வேப் 'பல்ஸ்' என்று மலிவான பெட்டிகள் வந்தபின்தான் புதியவர்கள் கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியது.

புதியவருக்கு முதல் பாடம் கம்பி. 'காந்தல்' என்ற சூடேறும் கம்பியை 3 மில்லிமீட்டர் குச்சியின்மேல் ஆறேழு சுற்றுச் சுற்றி, இரண்டு காலையும் திருகின் அடியில் இறுக்கி, நீட்டிக்கொண்டிருப்பதை ஒட்ட நறுக்க வேண்டும். குறைந்த வாட்டில் விட்டு விட்டுச் சூடாக்கினால் சுருள் ஒரு ஓரத்தில் மட்டும் சிவக்கும். செராமிக் இடுக்கியால் மெல்ல வருடி, நடுவிலிருந்து இரு பக்கமும் ஒரே சீராகச் சிவக்கும்வரை சரிசெய்ய வேண்டும். பொத்தான் அழுந்தியிருக்கும்போது இரும்பு இடுக்கி பட்டால் ஷார்ட்.

அடுத்தது பஞ்சு. பலர் இங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். இறுக்கித் திணித்தால் ஜூஸ் ஏறாது. காய்ந்த பஞ்சு கருகி, தொண்டையில் இறங்கும் அந்த நாற்றத்தை அனுபவித்தவர் மறக்க மாட்டார். தளர்வாக விட்டால் ஒழுகும். சுருளுக்குள் இழுக்கும்போது சற்றே பிடித்துக்கொண்டு, ஆனால் சுருளை வளைக்காமல் நகர வேண்டும் என்பார்கள். அது விரலுக்குத்தான் புரியும்.

பிறகு அமுக்குதல். புதியவர் எல்லோரும் பற்பசையைப் பிதுக்குகிற வேகத்தில்தான் ஆரம்பிப்பார்கள். ஜூஸ் காற்றுத் துளை வழியாக வழிந்து கையெல்லாம் பிசுபிசுப்பு. மேடையில் ஜூஸ் தலைகாட்டும் வரை மெதுவாக அமுக்கி, ஒரு நொடி நிறுத்தி, மெதுவாகவே விட வேண்டும். மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துப் பழகுவார்கள். மறுபடி எப்போது அமுக்குவது என்பதைச் சொல்ல எந்த விளக்கும் எரியாது. சுவை மெலிவதும், சடசடப்புச் சத்தம் வறள்வதுமே அடையாளம்.

கணக்குப் பாடத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. முழு சார்ஜில் பேட்டரி 4.2 வோல்ட். சுருளின் தடை 0.5 ஓம் என்றால் 8.4 ஆம்பியர் ஓடும், கவலையில்லை. மேகம் மேகமாக ஆவி வேண்டும் என்று 0.15 ஓமுக்கு இறங்கினால் 28 ஆம்பியர். நல்ல 18650 பேட்டரிகளே 20, 25 ஆம்பியரைத்தான் தொடர்ந்து தாங்கும். சிப் இல்லாத பெட்டியில் இதைத் தடுக்க யாரும் இல்லை. மேலுறை கிழிந்த பேட்டரியைப் போடாதே, சாவிக்கொத்தோடு பையில் போடாதே என்று கடைக்காரர்கள் கண்டிப்புக் காட்டியது அதனால்தான். 2018 மே மாதம் ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வேப் கருவி வெடித்து 38 வயதுக்காரர் ஒருவர் இறந்தார். சிப் வைத்த பெட்டிகள் இந்த அபாயத்தைப் பெருமளவு குறைத்தன. தடையைத் தானே அளந்து, கணக்கு ஒத்துவராவிட்டால் சுருளைச் சூடாக்கவே மறுத்துவிடும்.

இன்று? உறையைக் கிழி, உதட்டில் வை, இழு. பொத்தான்கூடக் கிடையாது, காற்றோட்டத்தை உணர்ந்து தானே சூடாகும். 2021 முதல் பிரிட்டனில் பரவிய, தீர்ந்ததும் தூக்கியெறியும் ஒருமுறைக் கருவிகளில் 2 மில்லி ஜூஸ், மில்லிக்கு 20 மில்லிகிராம் நிக்கோடின் என்பது வழக்கமாக இருந்தது. இரண்டுமே அத்தகைய கருவிகளுக்கு அங்கே சட்டம் அனுமதிக்கும் உச்சம். டிரிப்பர்காரர் வழக்கமாக ஊற்றியது 3 மில்லிகிராம் ஜூஸ். அவர் கருவி அதிக ஆவி தருவதால் அதுவே போதும். அதற்கு மேல் போனால் தொண்டை அறுக்கும். புதிய கருவிகளிலோ நிக்கோடினை அமிலம் சேர்த்து உப்பாக மாற்றியிருக்கிறார்கள். 20 மில்லிகிராமும் இருமல் இல்லாமல் இறங்குகிறது.

பஞ்சு, கம்பி, ஓம் விதி, தொண்டை எரிச்சல் எல்லாம் சேர்ந்து ஒரு வேலியாக இருந்தன என்பது என் எண்ணம். யாரும் திட்டமிட்டு எழுப்பிய வேலி இல்லை. ஆனால் சிகரெட்டை விட்டே தீர வேண்டும் என்ற வைராக்கியமோ, கருவிகளின்மேல் பித்தோ இல்லாதவர் அதைத் தாண்டி வர மாட்டார். பதினான்கு வயதுப் பிள்ளை பள்ளிக் கழிப்பறையில் காயில் சுற்றிக்கொண்டிருக்காது. வேலி விழுந்த வேகத்தைப் புகைப்பழக்கத்துக்கு எதிரான 'ஆஷ்' அமைப்பின் ஆய்வுகளில் பார்க்கலாம்: பிரிட்டனில் வேப் பிடிக்கும் 11 முதல் 17 வயதினரில் ஒருமுறைக் கருவியையே பெரும்பாலும் பயன்படுத்தியவர்கள் 2021இல் 7.7 சதவீதம், 2023இல் 69 சதவீதம்.

அதே வேலி தேவைப்பட்டவரையும் தடுத்தது. நாற்பது வருடம் புகைத்து, விரல் நடுங்கும் முதியவரிடம் இடுக்கியைக் கொடுத்து என்ன பயன்? 2023இல் பிரிட்டிஷ் அரசு பத்து லட்சம் புகைப்பவர்களுக்கு வேப் தொடக்கப் பெட்டி தருவதாக அறிவித்தபோது, டிரிப்பர் தருவோம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாதது சரிதான்.

(நம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 2019 சட்டப்படி இந்தக் கருவிகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை எல்லாமே குற்றம். சிங்கப்பூரில் வைத்திருந்தாலே குற்றம். லண்டனிலிருந்து ஊருக்கு விமானம் ஏறுபவர் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது.)

2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் ஒருமுறைக் கருவிகளை விற்கத் தடை. தயாரிப்பாளர்கள் அசரவில்லை. அதே வடிவம், அதே நிறம், அடியில் ஒரு சார்ஜ் துளை, கழற்றி மாட்டும் ஒரு குப்பி, சட்டத்துக்குப் பொருந்திவிட்டது. ஜூஸ் நிரப்பப் பழகுவதற்குப் பதில், நிரப்பிய குப்பியை வாங்கவே பலரும் பழகுகிறார்கள்.

அடுத்த அடி பழைய ஆட்களுக்குத்தான். 2026 அக்டோபர் 1 முதல் 10 மில்லி ஜூஸுக்கு 2.20 பவுண்டு வரி என்று அறிவித்திருக்கிறார்கள். நிக்கோடின் கூடவோ குறையவோ, இல்லாமலே போகவோ, வரி ஒன்றுதான். 2 மில்லி குப்பிக்கு 44 பென்ஸ். டிரிப்பர்காரர் வாங்கும் 50 மில்லி ஜூஸும், அதில் கலக்கும் 10 மில்லி நிக்கோடினும் சேர்ந்தால் 13.20 பவுண்டு. குறைந்த நிக்கோடினை நிறைய ஜூஸில் எடுப்பவர் அதிகம் கட்டுவார். அடர்த்தியாகக் கொஞ்சம் இழுப்பவர் சில்லறையோடு தப்பிப்பார். அதற்குள் பாட்டம் ஃபீடர்காரர்கள் சிலர் சுருளை மாற்றத் தொடங்கிவிட்டார்கள்: ஏறத்தாழ ஒரு ஓம் தடையுள்ள மெல்லிய ஒற்றைச் சுருள், சிறிய காற்றுத் துளை, 12 மில்லிகிராம் ஜூஸ். ஆவி குறையும், பாட்டிலும் சீக்கிரம் காலியாகாது.