கற்கும் பருவத்தில் கைப்பொருள் தேடல்

கற்கும் பருவத்தில் மாணவர் பொருள் தேடலாமா என்னும் வினா புதியதன்று. பாடசாலை விவாத மேடைகளிலே பல தலைமுறையாக எழுப்பப்பட்டு, கைதட்டலோடு முடிந்துபோகும் வினாக்களுள் இதுவும் ஒன்று. ஆயின், 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இதனை விவாத மேடையினின்றும் இறக்கி வீட்டு அடுக்களைக்குக் கொண்டுவந்துவிட்டது. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. முந்திய ஆண்டில் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவை ஏறக்குறைய இருநூறு ரூபா கொடுத்து வாங்கவேண்டியிருந்தது என்பதே இதன் பொருள். பணவீக்கம் பின்னர் தணிந்தது. ஏறிய விலைகளோ பழைய படிக்கு இறங்கவில்லை. ஊரை விட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்து அறை வாடகைக்கு எடுத்துப் பயிலும் மாணவன், தந்தையின் கையை எதிர்பார்ப்பதா, தன் கையை நம்புவதா என்று தடுமாறும் நிலை அன்று தொட்டு வெளிப்படையாயிற்று.

இவ்விடயத்தில் நம்மவர் இரு கட்சியினராகப் பிரிந்து நிற்பர். ஒரு சாரார், "படிக்கிற காலத்திற் படிப்பே தொழில், இரண்டு தோணியிற் கால் வைத்தவன் எக்கரையும் சேரான்" என்பர். மறு சாரார், "உழைப்பின் அருமை அறியாதவன் பெற்ற பட்டம் சுவரில் மாட்டுதற்கே உதவும்" என்பர். இரு கூற்றிலும் உண்மையுண்டு. அவ்வுண்மை எந்த எல்லைவரை செல்லும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவதாக, நமது மாணவர் என்றுமே உழையாதிருந்தவர் என்னும் எண்ணம் தவறானது. குருகுலத்தில் மாணாக்கன் ஆசிரியர் வீட்டுப் பணிகளையெல்லாம் செய்தே பாடங் கேட்டான். யாழ்ப்பாணத்துக் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள், நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவுவதற்கு முன்னர், விடியற்புறத்தில் துலா மிதித்தும், புகையிலைத் தோட்டத்திலே தண்ணீர் மாறியும், வெங்காயம் கிண்டியும், அதன் பின்னரே முகங் கழுவிப் பள்ளிக்குச் சென்றனர். அவர்களுட் பலர் பின்னாளில் ஆசிரியராயும் மருத்துவராயும் பொறியியலாளராயும் விளங்கினர். எனினும் இவற்றை இன்றைய பகுதிநேர வேலையோடு ஒப்பிடுவோர் ஒரு வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். குருகுலத்தில் வேலை வாங்கியவரும் பாடஞ் சொன்னவரும் ஒருவரே. தோட்டத்திலே வேலை வாங்கியவர் தந்தை. சோதனை வந்தால் மகனை விடுவிப்பவரும் அவரே. இன்றைய கடை முதலாளிக்கு மாணவனின் சோதனை அட்டவணை தெரியாது. தெரிந்துகொள்ளும் கடமையும் அவருக்கில்லை.

அடுத்து, உழைத்துக்கொண்டே கற்று உயர்ந்த பெரியோரை எடுத்துக்காட்டுவது வழக்கம். தமிழ்ப் பதிப்புத் துறையின் முன்னோடியான சி. வை. தாமோதரம்பிள்ளை ஆசிரியத் தொழிலிலும் 'தினவர்த்தமானி' என்னும் இதழின் ஆசிரியப் பொறுப்பிலும் ஈடுபட்டவர். 1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகத் தேறியவரும் அவரே. துறவு பூணுவதற்கு முன்னர் ஆசிரியராகக் கடமையாற்றிய விபுலானந்த அடிகளார், 1916 இல், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலே தேறினார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் வெளிவாரியாகப் பெற்றார். பகலில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் பணியாற்றி, இரவில் விளக்கொளியிலே பயின்று இலண்டன் வெளிவாரிப் பட்டம் பெற்ற ஒரு தலைமுறையே இலங்கையில் இருந்தது. வேலை செய்வோர்க்கு மாலை வகுப்புக்கள் நடத்தவென்றே அருட்டந்தை பீற்றர் பிள்ளை 1954 இல் கொழும்பிலே அக்குவைனாஸ் பல்கலைக் கல்லூரியை நிறுவினார். 1980 இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தோன்றியது.

இவ்வெடுத்துக்காட்டுக்கள் நம்மை ஊக்குவிப்பன, ஐயமில்லை. ஆயினும் கூர்ந்து நோக்கின், இவர்கள் கற்ற உழைப்பாளரேயன்றி உழைத்த மாணவரல்லர் என்பது புலனாகும். அவர்களுக்கு வேலையே முதல். கல்வி அவ்வேலைக்கு இசைய அமைந்தது. வெளிவாரித் தேர்வு, மாலை வகுப்பு, தபால்வழிப் பாடம் என்பனவெல்லாம் வேலை செய்வோரை மனத்திற் கொண்டு வகுக்கப்பட்ட முறைகள். இன்று உள்வாரியாகப் பயிலும் மாணவனின் நிலை வேறு. அவனுடைய விரிவுரைகள் காலை தொடங்கி மாலை வரை சிதறிக் கிடக்கின்றன. பல பீடங்களில் 80 வீத வருகை இல்லையெனிற் பரீட்சை மண்டபத்தின் கதவு திறவாது. முன்னோர் செய்தனர், நீயும் செய் என்று இவனுக்குக் கூறுவது, வேறு வழியிற் சென்றவரின் வேகத்தை இவ்வழியிற் செல்பவனிடம் கேட்பதாகும்.

ஆகவே உபதேசத்தை விடுத்துக் கணக்குப் பார்ப்போம். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி, கிரெடிட் எனப்படும் பாட அலகு ஒன்றுக்கு 50 மணி நேரக் கற்றல் வேண்டும். முழுநேர மாணவனுக்கு ஆண்டுக்கு 30 கிரெடிட். ஆக, ஆண்டொன்றுக்கு 1500 மணி. பரீட்சை வாரங்களையும் ஆயத்த வாரங்களையும் சேர்த்து 40 வாரங்களெனத் தாராளமாகக் கொண்டாலும், வாரத்துக்கு ஏறக்குறைய 38 மணி நேரம் கல்விக்கு உரியது. வாரத்தின் 168 மணியிலே உறக்கத்துக்கு 56. உண்ணல், குளித்தல், துவைத்தல், போக்குவரவு ஆகியவற்றுக்கு நாளுக்கு 5 வீதம் 35. நண்பரோடு பேசவும், விளையாடவும், பாடத்துக்குப் புறம்பான ஒரு நூலைப் புரட்டவும் நாளுக்கு 3 வீதம் 21. இவையெல்லாம் கழிய எஞ்சுவது 18 மணி. விரிவுரைகள் நடைபெறும் 30 வாரங்களுக்குள்ளேயே அந்த 1500 மணியையும் அடக்க முயல்பவனுக்கோ வாரத்துக்கு 50 மணி கல்விக்கே போய்விடும். அவனிடம் எஞ்சுவது 6 மணியே.

இக்கணக்கு தரும் விடை தெளிவானது. வாரத்திற் பத்து மணி நேரம், மிஞ்சினாற் பன்னிரண்டு மணி நேரம், வேலை செய்யும் மாணவன் தன் ஓய்வைச் சிறிது இழக்கிறான், கல்வியை இழப்பதில்லை. இருபது மணியைத் தாண்டுபவன் நூலகத்தை இழக்கிறான். முப்பதைத் தாண்டுபவன் உறக்கத்தையும் இழந்து, விரிவுரை மண்டபத்தின் பின்வரிசையிலே கண்ணயர்கிறான். அவன் பெயர் வருகை இடாப்பில் இருக்கும். அவன் அங்கே இரான்.

பிற நாட்டு வழக்கங்களும் இதனோடு பெரிதும் ஒத்துச் செல்கின்றன. அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில் 1855 இல் நிறுவப்பட்ட பெரியா கல்லூரி, 1892 முதல் மாணவரிடம் கல்விக் கட்டணம் பெறுவதில்லை. அதற்கீடாக ஒவ்வொரு மாணவரும் வாரத்திற் குறைந்தது பத்து மணி நேரம் கல்லூரியிலேயே வேலை செய்தல் வேண்டும். அந்நாட்டு அரசு 1964 இல், வசதி குறைந்த மாணவர் பகுதிநேர வேலை செய்து பயில உதவும் திட்டமொன்றைச் சட்டத்தின் மூலம் ஏற்படுத்தியது. நம் பிள்ளைகள் பலர் நாடிச் செல்லும் பிரித்தானியாவிலே பட்டப் படிப்பு மாணவர்க்குத் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமே வேலை செய்ய அனுமதி. 2023 இல் அவுஸ்திரேலியா இரு வாரங்களுக்கு 48 மணி என்றும், 2024 இல் கனடா வாரத்துக்கு 24 மணி என்றும் எல்லை வகுத்தன. இவ்வெல்லைகள் குடிவரவுச் சட்டத்தின் பாற்பட்டவையே. எனினும் மாணவன் முதலில் மாணவன் என்னும் கோட்பாட்டையே அவையும் சுட்டுகின்றன. நம் நாட்டிலோ எல்லை வகுப்பாரும் இல்லை. வேலை தருவாரை வினாவுவாரும் இல்லை.

இனி, "இலவசக் கல்வி உள்ள நாட்டில் மாணவன் ஏன் உழைக்கவேண்டும்?" என்று கேட்பாருளர். கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கட்டணத்தை ஒழித்தது. அதனாலன்றோ கமக்காரன் மகளும் தோட்டத் தொழிலாளியின் மகனும் பட்டதாரியாயினர்! ஆயினும் இலவசமாயிருப்பது விரிவுரையேயன்றி வயிறன்று. 1981 இல் தோற்றுவிக்கப்பட்ட மகாபொல நிதியத்தின் உதவித்தொகையை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்த 2025 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் முன்மொழிந்தது. வரவேற்கத்தக்க உயர்வு. எனினும் அதனை முப்பது நாளுக்குப் பங்கிட்டாற் கிடைப்பது நாளொன்றுக்கு 250 ரூபா. மூன்று வேளை உணவும், அறை வாடகையும், பேருந்துக் கட்டணமும், ஒளிப்படப் பிரதிச் செலவும் அதற்குள் அடங்குமா என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

இங்கே ஓர் அபாயமும் உண்டு. மாணவர் உழைத்துச் சமாளிக்கிறார்கள் என்றால், உதவித்தொகையை உயர்த்தும் தன் கடமையினின்றும் அரசு நழுவிவிடலாகாது. வேலை உதவித்தொகைக்குத் துணையாகலாம், மாற்றாகலாகாது. மாற்றாகுமாயின், செல்வன் வீட்டுப் பிள்ளை 38 மணி நேரம் கற்க, வறியவன் வீட்டுப் பிள்ளை 18 மணி நேரம் கற்று, இருவரும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுவர். பின்னர் வெளியாகும் பெறுபேற்றைத் திறமையின் அளவென்று நாம் கொண்டாடுவோம். இலவசக் கல்வி எதனை ஒழிக்கப் பிறந்ததோ அதுவே பின்வாயிலால் உள்ளே வந்துவிடும்.

எத்தகைய வேலை என்பதும் சிந்தித்தற்குரியது. நம் பட்டதாரி மாணவர் பெரும்பாலும் நாடுவது ரியூட்டரி ஆசிரியத்தையே. கற்பிப்பவன் இருமுறை கற்கிறான். ஆதலின் அது நன்றே. ஆனால் அதிகாலை ஐந்தரைக்கு ஒரு வகுப்பு, இரவு எட்டுக்கு ஒரு வகுப்பு என்று ஓடுபவன், தானே மாணவன் என்பதை மறந்துவிடுகிறான். மற்றொரு சாரார் மோட்டார் சைக்கிளிலே உணவுப் பொதி சுமந்தும், கடைகளில் நின்றும், இரவுக் காவல் இருந்தும் உழைக்கின்றனர். இவர்களை இழிவாக நோக்கும் கண் நம் சமுதாயத்தில் இன்னும் மூடவில்லை. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று பழமொழி படைத்த யாழ்ப்பாணம், கைபடும் வேலையைக் கல்வியின் பகையாகவே நெடுங்காலம் எண்ணி வந்தது. அவ்வெண்ணத்தின் அடியிற் சாதிச் செருக்கும் ஒளிந்திருந்தது. 1937 இல் வார்தாவிலே காந்தியடிகள் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது எதிர்த்தது இத்தகைய மனப்பான்மையைத்தான். நம் நாட்டிலும் 1972 இன் கல்விச் சீர்திருத்தம் பாடசாலைகளிலே தொழில்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. 1977 இன் ஆட்சி மாற்றத்தின் பின்னர் அவை கைவிடப்பட்டன. உணவுப் பொதி சுமக்கும் மாணவனை நாணவைக்கும் சமுதாயம் தானே நாணவேண்டும்.

எனினும் பாடசாலைப் பிள்ளைகளை இவ்வாதத்துள் இழுத்தல் தகாது. 2016 முதல் 5 வயதிலிருந்து 16 வயதுவரை கல்வி கட்டாயம். 2021 இன் சட்டத் திருத்தம் வேலைக்கமர்த்தும் குறைந்த வயதையும் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தியது. மலையகத்திலிருந்து கொழும்புக் கடைகளுக்கு வரும் சிறுவனைப் பகுதிநேர உழைப்பாளி என்று அழைப்பது பொய்ப்பெயர் சூட்டலாகும்; அவன் கல்வியை விட்டு வெளியேற்றப்பட்டவன். க.பொ.த. உயர்தர மாணவரும், விடுமுறைக் காலம் நீங்கலாக, வேலைக்குச் செல்லாதிருத்தலே நன்று. அவர்களின் இரண்டாண்டு இழப்பை எச்சம்பளமும் ஈடுசெய்யாது.

மற்றொன்றும் சொல்லவேண்டும். வீட்டிலிருந்து பயிலும் மாணவியர் பலர் சமையலும், தம்பி தங்கையரைப் பேணலும், நோயுற்ற முதியோரைப் பார்த்தலுமாக நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம் உழைக்கின்றனர். அதற்குச் சம்பளமும் இல்லை. வேலை என்ற பெயரும் இல்லை. மாணவர் உழைக்கலாமா என்று ஆண்பிள்ளையை முன்னிறுத்தி வாதிடுவோர், பெண்பிள்ளை ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருப்பதைக் கணக்கிற் சேர்ப்பதில்லை.

செய்யத்தக்கது யாது? பல்கலைக்கழகங்களே வேலை தரலாம். நூலகத்தில் நூல்களை ஒழுங்குபடுத்தல், ஆய்வுகூடத்தில் உதவி புரிதல், கீழ் வகுப்பு மாணவர்க்குத் துணைப்பாடம் நடத்தல், பழைய ஏடுகளையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தல் ஆகியன மாணவர் கைக்கு ஏற்றவை. 1981 இல் நூலகமொன்று தீக்கிரையானதைக் கண்ட யாழ்ப்பாணத்தில் ஆவணங் காத்தல் வெறும் கூலிவேலையாகாது. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தின் முயற்சி அதற்கு வழிகாட்டியிருக்கிறது. இவ்வாறான வேலைக்கு வாரம் பத்து மணி என எல்லை வகுத்து, பரீட்சை மாதத்தில் விடுப்பும் அளித்தால், வேலை தருபவரே மாணவனின் அட்டவணையை அறிந்தவராவர். குருகுலத்திலும் தோட்டத்திலும் இருந்து நாம் இழந்த அந்த ஒன்று மீண்டுவரும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு கடமையுண்டு. பின்வரிசையிற் கண்ணயரும் மாணவனைச் சோம்பேறி என்று தீர்ப்பளிக்குமுன், நேற்றிரவு அவன் எங்கிருந்தான் என்று தனித்தழைத்துக் கேட்டல் வேண்டும். மாணவர்க்குக் கூறக்கூடியது இதுவே: உழைப்பதற்கு நாணவேண்டா, ஆயின் மணிக்கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு வரும் ரூபா எத்தனை என்பதை எண்ணுவது போலவே, அதற்காகக் கையை விட்டுப் போன மணி எத்தனை என்பதையும் எண்ணுங்கள். இழந்த ரூபாவைப் பின்னர் உழைத்துப் பெறலாம். இருபது வயதின் மாலைப் பொழுதுகளை எந்தச் சம்பளத்தைக் கொடுத்தும் வாங்கமுடியாது.