பதினான்கு மாடி யாருடையது?

கல்வராயன் மலையை அன்றாடம் அண்ணாந்து பார்த்துப் பழகியவன் கள்ளக்குறிச்சிக்காரன். உயரம் கண்டு மயங்குகிறவன் அல்லன். ஆனாலும், தம்பி, 1959-க்குப் பிறகு சென்னைக்குப் போய்த் திரும்பியவர்கள் ஊர்த் திண்ணையிலே என்ன பேசினார்கள்? மவுண்ட் ரோட்டிலே எழுந்து நின்ற எல்.ஐ.சி. கட்டடத்தைப் பற்றித்தான்! 177 அடி! மலைக்கு முன்னே அது மண்ணாங்கட்டி. ஆனால் மலை தானாக எழுந்தது. மாடியை மனிதன் எழுப்பினான். யார் பணத்திலே எழுப்பினான்?

தொடங்கியவர் ஒரு செல்வர். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார், தம் யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக 1953-இல் வேலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சிங்கப்பூரில் விமான விபத்தில் மாண்டார். வரைபடம் தந்த பிரவுன், மௌலின் எனும் லண்டன்காரர்கள் பாதியிலே விலக, நம் நாட்டுச் சித்தலே முடித்துக் கொடுத்தார். செங்கல்லும் சுண்ணாம்பும் சுமந்து பழகிய நகரிலே, கான்கிரீட் தூண்கள் மாடிமேல் மாடியாகச் சுமந்து நின்றன. சாரத்திலே தொங்கி உழைத்த சித்தாளின் பெயர் எந்தக் கல்லிலே இருக்கிறது?

இதற்கிடையே ஆட்சியே மாறிவிட்டது. அரசியல் ஆட்சியைச் சொல்லவில்லை, இன்ஷூரன்ஸ் ஆட்சியை! அதே சாலையிலே, 1897-இல் எழுந்த பாரத் கட்டடம் இருக்கிறதே, அதற்கு உரிய கம்பெனியின் பணத்தை அதன் தலைவர் டால்மியா தம் சொந்தப் பணமாகவே கருதினார். 1955-இல் பெரோஸ் காந்தி நாடாளுமன்றத்திலே அதை அம்பலப்படுத்தினார். டால்மியா பின்னர் சிறை கண்டார். 1956 ஜனவரி 19-இல் அவசரச் சட்டம் வந்தது. 245 நிறுவனங்கள் ஒன்றாக்கப்பட்டு, செப்டம்பர் 1-இல் எல்.ஐ.சி. பிறந்தது. அரசு போட்ட முதல் 5 கோடி. மற்றது? கரும்புப் பணம் கைக்கு வந்ததும் தவணை கட்டிய உழவன் பணம், சம்பள நாளிலே கட்டிய தொழிலாளி பணம்!

செல்வர் தொடங்கிய மாளிகை பொதுச்சொத்தாக முடிந்தது. 1959 ஆகஸ்ட் 23-இல் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தார். 1975-இல் தீப்பிடித்தது, அப்போதும் வீழவில்லை. பட்டணத்துக்கு வரும் கதாநாயகனைக் காட்டச் சினிமாக்காரருக்கு வேறு கட்டடம் தேவைப்படவே இல்லை.

எல்லாம் சரி, அந்தப் பொது நிறுவனமே பழைய பாரத் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் துணிந்ததே, அது தகுமா? வழக்குமன்றம் குறுக்கிட்டதால் தப்பியது.

2022 மே மாதம் டில்லி ஆட்சி எல்.ஐ.சி.யில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஏறத்தாழ 21,000 கோடி ரூபாய் கிடைத்தது. பாலிசிதாரருக்குப் பங்கொன்றுக்கு 60 ரூபாய் தள்ளுபடியாம்! நம் வீட்டுத் திண்ணையை விலைபேசி, நமக்கே தள்ளுபடி!