மரத்தைத் திருத்துவதா, வரியைத் திருத்துவதா?

புரோகிராமர் திரையில் பார்ப்பது வரிகளை. கம்பைலர் அதையே மரமாக மாற்றிக்கொள்கிறது: ஃபங்ஷனுக்குள் ஒரு இஃப், அதற்குள் ஒரு நிபந்தனை, அதற்குள் ஒரு கூட்டல் என்று கிளை பிரியும். எப்படியும் மரமாகத்தான் ஆகப்போகிறது, முதலிலிருந்தே மரமாகத் திருத்தினால் என்ன? விட்டுப்போன அரைப்புள்ளி, மூடாத அடைப்புக்குறி என்ற தொல்லையே இருக்காதே!

யோசனை பழையது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டிம் டைட்டல்பாமும் தாமஸ் ரெப்ஸும் உருவாக்கிய 'கார்னெல் புரோகிராம் சிந்தசைசர்' பற்றிய கட்டுரை 1981-இல் வந்தது. அதில் இஃப் என்று எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டியதில்லை. கட்டளை கொடுத்தால் முழு அச்சும் வந்து நிற்கும், காலியிடங்களை நிரப்பினால் போதும். ஆனால் கணக்குக் கோவைகளை மட்டும் வழக்கம்போல் டைப் செய்ய விட்டுவிட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள்!

காரணம் எளிது. 'விலை + வரி * எண்ணிக்கை' என்று எழுதிவிட்டோம். கூட்டிய பிறகுதான் பெருக்க வேண்டும் என்று உறைக்கிறது. வரியில் இரண்டு அடைப்புக்குறி போட்டால் வேலை முடிந்தது. மரத்திலோ உச்சியில் கூட்டல் இருக்கிறது, பெருக்கல் அதன் கிளை. இரண்டையும் பிரித்து இடம் மாற்றிக் கட்ட வேண்டும். வரியில் முதல் குறியைப் போட்டு இரண்டாவதைப் போடும்வரை கோவை பிழையாகவே நிற்கும். மனிதர்கள் அப்படித்தான் திருத்துகிறார்கள். பிழையை ஒரு கணமும் பொறுக்காத எடிட்டர் கையைக் கட்டிப்போடுகிறது.

அடைப்புக்குறிகளாலேயே ஆன லிஸ்ப் மொழியில் கதை வேறு. ஈமாக்ஸ் எடிட்டருக்கான 'பேரெடிட்' அடுத்துள்ள சொல்லை ஒரே கட்டளையில் குறிக்குள் இழுத்துக்கொள்ளும், இன்னொன்றில் வெளியே தள்ளும். பழகியவர்கள் அதை விடுவதில்லை. 2007-இல் வந்த ஸ்கிராட்ச் மொழியில் கட்டளைகளே கட்டைகள்; பொருந்தாத கட்டைகளை ஒட்டவே விடாது. சிறுவர்களுக்கு அருமை. பெரிய புரோகிராமை மவுஸால் இழுத்து இழுத்துக் கட்டுவதோ சலிப்பு.

போதாததற்கு, புரோகிராமின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் போன்ற கருவிகள் வரிகளைத்தான் ஒப்பிடுகின்றன. மரமாகச் சேமிக்கும் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் எம்பிஎஸ் கருவி, மாற்றங்களை இணைக்கத் தனி ஏற்பாட்டையே வைத்திருக்கிறது.

என் பார்வையில் வென்றது நடுவழிதான். எழுத்தை மரமாக்கும் ட்ரீ-சிட்டர் போன்ற பார்சர்கள் நாம் டைப் செய்யச் செய்ய மரத்தைப் புதுப்பிக்கின்றன; பாதி எழுதிய புரோகிராமையும் சகித்துக்கொள்கின்றன. கோப்பு எழுத்தாகவே இருக்கும். விஎஸ் கோட் எடிட்டர் வைத்திருப்பவர்கள் விண்டோஸில் ஷிஃப்ட், ஆல்ட், வலது அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். சொல், கோவை, பிளாக் என்று தேர்வு விரியும்.