ஆயுள் தண்டனை என்றால் எத்தனை வருஷம்?

"ஆயுள் தண்டனைதானே! பதினாலு வருஷம். ஜெயிலில் பகல் ஒரு நாள், இரவு ஒரு நாள். ஏழே வருஷத்தில் வெளியே வந்துவிடுவான்!"

தீர்ப்பு நாளன்று கோர்ட்டு வாசல் டீக்கடைகளில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். தண்டனை பெற்றவனின் தாய்க்கு ஆறுதலாகச் சொல்வதும் இதுதான். கொலையுண்டவரின் குடும்பத்தாரைக் கொதிக்க வைப்பதும் இதுதான். ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் தப்பு!

இரவு-பகல் கணக்கு வெறும் கட்டுக்கதை. எந்தச் சட்டத்திலும் அப்படி ஒரு வரி கிடையாது. வெளியே காலண்டரில் ஒரு தேதி கிழிந்தால், ஜெயிலிலும் ஒரு நாள்தான்.

பதினாலு வருஷக் கதை கொஞ்சம் நீளமானது.

காந்திஜி கொலை வழக்கில் நாதுராம் கோட்சேயின் தம்பி கோபால் கோட்சேக்கு 1949-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தக் காலத்தில் அதற்குத் தீவாந்தர சிட்சை என்று பெயர். ஜெயிலில் நன்னடத்தைக்கும் வேலைக்கும் நாட்களைக் கழித்துக் கொடுப்பார்கள். அப்படிச் சேர்ந்த கழிவு நாட்களையும், உள்ளே இருந்த நாட்களையும் கூட்டினால் 20 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, எனவே விடுதலை செய்ய வேண்டும் என்று அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்.

20 வருஷம் எங்கிருந்து வந்தது? 1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் அந்த எண் இருந்தது. சில குற்றங்களுக்கு, முழுத் தண்டனையில் பாதி என்று சட்டம் சொல்லும். ஆயுளில் பாதி எவ்வளவு? யாருக்குத் தெரியும்! அதற்காக, பின்னம் போடும்போது மட்டும் ஆயுளை 20 வருஷமாக வைத்துக்கொள் என்றது சட்டம். 1961-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைத்தான் சொல்லி மனுவைத் தள்ளியது. ஆயுள் தண்டனை என்றால் மிச்சமுள்ள ஆயுள் முழுவதும். அரசாங்கம் முன்வந்து குறைத்தால் ஒழிய, கைதி தானாக வெளியே வரும் தேதி என்று ஒன்று கிடையாது. கோபால் கோட்சே 1964 அக்டோபரில்தான் விடுதலையானார்.

பிறகு 14 எப்படி வந்தது? ஆயுள் தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் அரசாங்கத்துக்கு உண்டு. அதை இஷ்டப்படி பயன்படுத்திச் சீக்கிரமே விட்டுவிடுகிறார்கள் என்று புகார் எழுந்தது. 1978-ல் ஒரு கட்டுப்பாடு வந்தது. மரண தண்டனை விதிக்கக்கூடிய கொலை போன்ற குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர், கழிவு எதுவும் சேர்க்காமல் 14 வருஷம் முழுசாக உள்ளே இருந்தாக வேண்டும். அதன் பிறகு அரசாங்கம் விடலாம். விட்டே தீர வேண்டும் என்பதில்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991-ல் கைதான பேரறிவாளன் வெளியே வந்தது 2022-ல்!

தலைவர்களின் பிறந்த நாளில் 14 வருஷம் ஆகாதவர்களும் விடுதலையாகிறார்களே என்று கேட்கலாம். அது அரசியல் சட்டத்தின் 161-வது பிரிவு கவர்னருக்குத் தரும் அதிகாரம். அதை இந்த 14 வருஷக் கட்டுப்பாடு தொடாது. அது சலுகையே தவிர உரிமை அல்ல. இன்னொரு பக்கம், 20, 25, 30 வருஷம் வரை கழிவே தரக்கூடாது என்று ஐகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் உத்தரவிடலாம் என 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது.

இரட்டை ஆயுள் தண்டனை என்று பத்திரிகையில் வருகிறதே, ஒரு ஆயுள் முடிந்து இன்னொன்றா? தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2016-ல் இந்தக் கேள்வி தீர்ந்தது. மனிதனுக்கு இருப்பது ஒரே உயிர். ஆகவே ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கச் சொல்ல முடியாது என்று ஐந்து நீதிபதிகள் கூறினார்கள்.

"ஏக காலத்தில்"

சின்ன வழக்குகளில் குடும்பங்கள் தடுமாறுவது இந்த இரண்டு வார்த்தையில்தான். ஒருவருக்கு ஒரு குற்றத்துக்கு 3 வருஷம், இன்னொன்றுக்கு 2, மற்றொன்றுக்கு 1 என்று தண்டனை. கூட்டினால் 6. "ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்" என்று தீர்ப்பில் இருந்தால் 3 வருஷத்தோடு சரி! பழைய சட்டப்படி, தீர்ப்பு இதைப்பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால் ஒன்றன்பின் ஒன்றுதான். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டமோ, குற்றத்தின் கடுமையைப் பார்த்து எந்த விதம் என்பதை நீதிபதியே சொல்ல வேண்டும் என்கிறது.

அடுத்தது, விசாரணைக் காவல் நாட்கள். ஜாமீன் கிடைக்காமல் 8 மாதம் உள்ளே இருந்தவருக்கு ஒரு வருஷம் தண்டனை என்றால், இன்னும் 4 மாதம்தான் பாக்கி. 1974-க்கு முன்பு இப்படிக் கழித்துக் கேட்கும் உரிமை கிடையாது; அந்த நாட்கள் வீண்தான். இப்போது உண்டு. ஆனால் அதே வழக்கில் காவலில் இருந்த நாட்களுக்கு மட்டும். ஜாமீனில் இருந்த நாட்கள் சேராது. கைதான தேதி, ஜாமீனில் வந்த தேதி இரண்டையும் வீட்டார் எழுதி வைப்பது நல்லது. ஜெயில் வாரண்டில் நாட்கள் தப்பாக விழுந்தால் அதைச் சுட்டிக்காட்ட வேறு ஆள் வரமாட்டார்.

விசாரணையே முடியாமல் கிடப்பவர்களுக்கும் புதிய சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தைக் காவலில் கழித்துவிட்டால் விடுதலைக்கு உரியவர். மற்றவர்களுக்குப் பாதி. கோர்ட்டுக்கு எழுத வேண்டியது ஜெயில் சூப்பிரண்டின் கடமை. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய வழக்குகளுக்கு இது கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் இருந்தாலும் கிடையாது.

அபராதம்

அபராதம் கட்டாததற்கான ஜெயில் தனி. அது ஏக காலத்தில் சேராது. விசாரணைக் காவல் நாட்களையும் அதில் கழிக்க முடியாது. ஆனால் பாதியில் பணம் கட்டினாலும் பலன் உண்டு. 1860-ம் வருஷச் சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: 100 ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் 4 மாதம். முதல் மாதம் முடிவதற்குள் 75 ரூபாய் கட்டிவிட்டால், அந்த மாதம் முடிந்ததும் விடுதலை!

ஜெயில் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலை உடனே, இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். மாஜிஸ்திரேட் தீர்ப்பின் மேல் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் செய்ய 30 நாள். செஷன்ஸ் தீர்ப்பின் மேல் ஐகோர்ட்டுக்குப் போக 60 நாள். மரண தண்டனையானால் 30 நாள்தான். வக்கீல் வைக்க வசதியில்லாவிட்டால் ஜெயிலில் இருந்தபடியே இலவச சட்ட உதவி கேட்கலாம். அப்பீல் மனுவை ஜெயில் அதிகாரி மூலமாகவும் அனுப்பலாம். ஜாமீனில் இருந்தவருக்குத் தண்டனை 3 வருஷத்துக்கு மேற்படாவிட்டால், அப்பீல் செய்வதற்கான அவகாசத்துக்குத் தண்டனை விதித்த கோர்ட்டிலேயே ஜாமீன் கேட்கலாம். தீர்ப்பு சொன்ன அன்றே அதைக் கேட்டுவிட வேண்டும்.