எச்சரிக்கை விளக்கு இல்லாத எண்ணெய்



கோடை விடுமுறை நெருங்கும்போது மும்பையிலும் புனேயிலும் பெங்களூரிலும் வசிக்கும் நம் குடும்பங்கள் பல, சொந்த ஊர் செல்ல ஆயத்தமாகின்றன. ரயிலில் இடம் கிடைக்காதவர்களுக்கு வாசலில் நிற்கும் பழைய மாருதி ஆம்னியே துணை. புறப்படுமுன் என்ஜின் ஆயிலை மாற்றுகிறோம், டயர்களில் காற்றடைக்கிறோம், பிரேக்கைச் சோதிக்கிறோம். ஆனால் அதே வண்டியின் அடியில் இன்னும் இரண்டு இடங்களில் எண்ணெய் உண்டு என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்?

1984இல் விற்பனைக்கு வந்து, 2019இல் தயாரிப்பு நிறுத்தப்பட்ட ஆம்னி, பின்சக்கரங்களின் விசையால் ஓடுவது. என்ஜினை அடுத்துக் கியர் பாக்ஸ். அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு, பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரென்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்கிறது. மெக்கானிக்குகள் 'கிரவுன்' என்று சொல்வது இந்தப் பகுதியைத்தான். வளைவில் வெளிப்புறச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட இடங்கொடுப்பதும் இதுவே. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, குவாலிஸ் ஆகியவற்றிலும் இதே அமைப்புத்தான். மாருதி 800இலோ இரண்டும் ஒரே பெட்டிக்குள் அடங்கி, ஒரே எண்ணெயில் இயங்குகின்றன.

என்ஜினில் எண்ணெய் அழுத்தம் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். இவ்விரண்டுக்கும் அப்படி விளக்கு இல்லை. கியர் மாற்றுகையில் உராயும் ஓசையும், வேகம் கூடும்போது பின்புறத்தில் எழும் ஊளைச் சத்தமும் கேட்கும்போது பெரும்பாலும் தேய்மானம் தொடங்கியிருக்கும். எண்ணெய் வற்றிய டிஃபரென்ஷியல் நெடுஞ்சாலையில் இறுகிப் பூட்டிக்கொண்டால், பின்சக்கரங்கள் திடீரென்று நின்றுவிடக்கூடும். உள்ளே அமர்ந்திருப்பது நம் பிள்ளைகள் அல்லவா?

எந்த எண்ணெய் என்பது முக்கியமான கேள்வி. டிஃபரென்ஷியலிலுள்ள ஹைப்பாய்டு பற்சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உராய்வதால், கடும் அழுத்தத்தைத் தாங்கும் ஜி.எல்.-5 வகை எண்ணெய் தேவை. கியர் பாக்ஸிலோ பித்தளை வளையங்கள் இருக்கும். ஜி.எல்.-5இல் மிகுதியாயுள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் சில அவற்றை அரிக்கக்கூடும். ஆகவே பல பழைய கியர் பாக்ஸ்களுக்கு ஜி.எல்.-4 பரிந்துரைக்கப்படுகிறது. ஒரே டப்பாவை இரண்டிலும் ஊற்றுமுன், உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். வகை, அளவு, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என மூன்றும் அதில் இருக்கும்.

மாற்றும் முறை எளிது; ஆனால் ஒழுங்கு தவறக்கூடாது. சில கிலோமீட்டர் ஓட்டி எண்ணெயை இளஞ்சூடாக்குங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் நுழையாதீர்கள்; உறுதியான ஸ்டாண்டுகள் வேண்டும். முதலில் மேலுள்ள நிரப்பும் பிளக்கைத் திறந்து பாருங்கள். அது திறந்தால் மட்டுமே கீழுள்ள வடிக்கும் பிளக்கைக் கழற்றுங்கள். மேற்பிளக் துருவேறி அசையாதிருக்க, கீழே எண்ணெய் முழுவதையும் வடித்துவிட்டால், புதிய எண்ணெயை எவ்வழியாய் ஊற்றுவது? பிளக்கில் காந்தம் இருந்தால், அதில் ஒட்டிய மெல்லிய சாம்பல் நிறப் பசை இயல்பானதே. உலோகத் துண்டுகள் இருந்தால் தாமதியாமல் நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். புதிய வாஷரிட்டு வடிக்கும் பிளக்கை இறுக்கியபின், பெரும்பாலான வண்டிகளில் நிரப்பும் துளையின் விளிம்பில் எண்ணெய் கசியும்வரை ஊற்றவேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்குத் தனிக் கவனம் தேவை. 2005 ஜூலை 26இல் மும்பை சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய நாட்களில் சூடான அச்சு குளிர்ந்த நீரில் மூழ்கும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, காற்றுத்துளை வழியாய் நீரை உறிஞ்சும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் கிலோமீட்டர் கணக்குப் பாராமல் உடனே மாற்றுங்கள்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, பழைய எண்ணெயை முறையாய்ச் சேகரிக்கும் பணிமனையில் கொடுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சிறு ஏட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். விளக்கு எரியாத இடத்தில் அந்த ஏடுதான் உங்களுக்கு எச்சரிக்கை.