ஒற்றை இஞ்சின் விமானம்: விமானிகள் கூறுவது என்ன?

நம் வேங்கிக்காலில் நின்று விமானத்தைப் பார்க்க வேண்டுமானால் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. மிக உயரத்தில் வெள்ளிப் புள்ளிபோல் நகரும் அந்தப் பெரிய ஜெட் விமானங்களுக்கு இரண்டு இஞ்சின்கள் உண்டு. ஒன்று நின்றாலும் மற்றொன்று கரை சேர்க்கும். ஆனால் ஒரே ஓர் இஞ்சினை மூக்கில் வைத்துக்கொண்டு, ஒன்பது பேரையும் அவர்கள் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு, சின்னஞ்சிறு ஓடுபாதையில் இறங்கி ஏறும் விமானங்களும் இந்நாட்டில் பறக்கின்றன. "ஒரே இஞ்சினா? அது நின்றுபோனால் என்ன கதி?" என்று எந்தத் தாயும் கேட்பாள். நியாயமான கேள்விதான். அந்த விமானங்களை ஓட்டுகிறவர்கள் இதற்கு என்ன விடை சொல்கிறார்கள் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் விமானம். இவ்வகையில் பெயர் பெற்றது அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்துச் செஸ்னா நிறுவனத்தின் "கேரவன்". இது முதன்முதலாகப் பறந்தது 1982 டிசம்பர் 9-ஆம் நாள். இதுவரை 3,000-க்கும் மேற்பட்ட கேரவன்கள் செய்யப்பட்டுள்ளன. இறக்கை உடலுக்கு மேலே இருக்கும். சக்கரங்கள் உள்ளே மடங்காமல் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டே இருக்கும். பார்வைக்கு அழகி என்று யாரும் சொல்லமாட்டார்கள். விமானிகள் இதைப் பறக்கும் லாரி என்று செல்லமாகக் கேலி செய்வதுண்டு. அந்தக் கேலியில் பாராட்டும் கலந்திருக்கிறது. லாரியைப்போல் மண்பாதையிலும் போகும், எதையும் ஏற்றும், முரண்டு பிடிக்காது.

நம் நாட்டில் ஒடிசா மாநிலத்தின் மேற்கு மாவட்டங்களை எண்ணிப் பாருங்கள். கோராபுட் மாவட்டத்து ஜெய்ப்பூரிலிருந்து தலைநகர் புவனேசுவரத்துக்குச் சாலைவழி ஏறத்தாழ 500 கிலோமீட்டர், மலைப்பாதை. ஓர் இரவு முழுதும் பஸ்ஸில் போக வேண்டும். 2022 அக்டோபர் 31-இல் "இந்தியா ஒன் ஏர்" நிறுவனத்தின் கேரவன் விமானம் அங்கே வந்திறங்கத் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் களஹாண்டி மாவட்டத்து உட்கேலாவுக்கும் சேவை வந்தது. உட்கேலாவின் ஓடுபாதை 917 மீட்டர்தான். பெரிய ஜெட் விமானம் அதில் இறங்க நினைத்தால் வயலில் போய்த்தான் நிற்கும். இப்படிப்பட்ட ஊர்களுக்குச் சிறிய விமானம் வந்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இப்போது இஞ்சின். சிறு விமானம் என்றாலே பழைய நாளில் மோட்டார் காரில் உள்ளதுபோன்ற பிஸ்டன் இஞ்சின்தான். அதற்கு ஏவ்கேஸ் என்னும் தனிப் பெட்ரோல் தேவை. அது நம் நாட்டில் எல்லா விமான நிலையங்களிலும் கிடைப்பதில்லை. கேரவனில் இருப்பதோ டர்போபிராப். இதற்குப் பெரிய ஜெட் விமானங்கள் குடிக்கும் அதே மண்ணெண்ணெய் வகை எரிபொருள் போதும். கனடாவின் பிராட் அண்டு விட்னி நிறுவனம் செய்யும் "பி.டி.6" என்ற இந்த இஞ்சினின் குடும்பம் 1960-களில் பிறந்தது, இன்றுவரை 50,000-க்கும் மேல் செய்யப்பட்டுள்ளது.

இதன் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரண்டு மேஜை மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். அதன் காற்றுப் பட்டு மற்றதும் மெல்லச் சுழலத் தொடங்கும். பி.டி.6 இஞ்சினிலும் இதே கதைதான். எரிபொருளை எரித்து வெப்பக் காற்றை உண்டாக்கும் பகுதி ஒன்று. அந்தக் காற்றால் சுழன்று புரொப்பெல்லரை ஓட்டும் பகுதி மற்றொன்று. இரண்டையும் இணைக்கும் தண்டு கிடையாது; காற்றுதான் இணைப்பு. முதற்பகுதி நிமிடத்துக்கு 37,000 தடவைக்கு மேல் சுழலும். பல்சக்கரங்களின் வழியாக வேகம் குறைந்து புரொப்பெல்லர் 1,900 தடவை சுழலும். பிஸ்டன் இஞ்சினில் மேலும் கீழும் அடித்துக்கொள்ளும் உறுப்புகள் எத்தனையோ உண்டு. இதில் எல்லாம் ஒரே சீராகச் சுழல்வதால் தேய்மானம் குறைவு. கேரவனில் வரும் ஒரு வகை இஞ்சினை 3,600 மணி நேரம் பறந்த பிறகு முழுமையாகப் பிரித்துப் பார்த்தால் போதும் என்று விதித்திருக்கிறார்கள்.

ஆனால் இதைத் தொடக்கி வைப்பதில் ஒரு கண்டம் இருக்கிறது. புதிதாக வரும் விமானிக்கு ஆசிரியர் முதலில் புகட்டும் பாடமும் இதுவே. மின்கலத்தின் வலிமையால் இஞ்சின் ஓரளவு வேகமாகச் சுழன்ற பிறகுதான் எரிபொருளைத் திறக்க வேண்டும். மின்கலம் சோர்ந்திருக்கும்போது அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே போதிய காற்று இராது. தீ மட்டும் இருக்கும். வெப்பம் எல்லை மீறிச் சில நொடிகளுக்குள் சுழலியின் இதழ்கள் கெட்டுவிடும். அடுப்பில் காற்றில்லாமல் எண்ணெயை ஊற்றியதுபோல! அதனால் விமானியின் ஒரு கை எரிபொருள் நெம்புகோலை விடாது. கண் வெப்பமானியை விடாது. முள் தாறுமாறாக ஏறினால் உடனே அடைத்துவிட வேண்டும். அந்தச் சில விநாடிகளில் பொறுமை இழந்தவருக்கு வரும் பழுதுச் செலவு சிறியதன்று.

சரி, நடுவானில் இஞ்சின் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். விமானம் கல்லைப்போல் விழுந்துவிடுமா? விழாது. இறக்கை இருக்கும்வரை அது சறுக்கிக்கொண்டு இறங்கும். கேரவன் ஆயிரம் அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ இரண்டு கடல் மைல் முன்னே போகும். நம் அண்ணாமலையின் உச்சி ஊர்த்தரையிலிருந்து ஏறக்குறைய 2,000 அடி. அதைப்போல் ஐந்து மடங்கு உயரத்தில், அதாவது 10,000 அடியில், நம் தலைக்கு மேல் ஒரு கேரவனின் இஞ்சின் நின்றால் 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர் சறுக்கிப் போகலாம். ஒரு பக்கம் செங்கம்வரை, மறுபக்கம் போளூர்வரை! பன்னிரண்டு நிமிட அவகாசமும் உண்டு. "உயரம் என்பது வங்கியில் போட்ட பணம்" என்று விமானிகள் கூறுவதன் பொருள் இதுதான். குறைந்த உயரத்திலோ கையிருப்பு மிகக் குறைவு. தரையை விட்டுக் கிளம்பிச் சில நூறு அடியில் இஞ்சின் நின்றால், வந்த பாதைக்கே திரும்பிவிடலாம் என்ற ஆசைதான் உயிருக்கு உலை வைக்கும். நேரே எதிரில் இருப்பதில் இறங்கு என்பதே பாடம்.

இறங்கும்போது வேகமும் முக்கியம். ஒற்றை இஞ்சின் விமானம் 61 நாட் வேகத்துக்கு, அதாவது மணிக்கு 113 கிலோமீட்டருக்கு இறங்கினாலும் பறக்கும் ஆற்றலை இழக்கக்கூடாது என்று ஒரு பழைய விதி உண்டு. பெரிய ஜெட் தரையைத் தொடும் வேகம் இதைப்போல் இரு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது உங்கள் பௌதிகப் பாடத்தில் வருகிறதல்லவா? மெல்ல வருகிறவனுக்கு ஒரு வெறும் வயலும் ஓடுபாதையாகும். (நம் பக்கத்து வயல்கள் மேலிருந்து பார்க்கச் சமதளமாகத்தான் தோன்றும். தரைக் கிணறும் வரப்பும் மின்கம்பியும் பக்கத்தில் வந்த பிறகே தெரியும். கோடையில் வற்றிய ஏரி கிடைத்தால் அதுவே நல்ல இடம் என்று எனக்குத் தோன்றுகிறது.)

இரண்டு இஞ்சின் என்றால் இரட்டிப்புப் பாதுகாப்பு என்று நாம் எண்ணுகிறோம். விமானிகளோ இதில் ஒருமனப்பட்டவர்கள் அல்லர். சிறிய இரட்டை இஞ்சின் விமானத்தில் ஒரு பக்கம் நின்றுபோனால், ஓடுகிற மறுபக்கம் விமானத்தை வளைத்துத் திருப்பும். உடனே சமாளிக்கத் தெரியாதவர் கவிழ்ந்துபோவார். "இரண்டாவது இஞ்சின் விபத்து நடக்கும் இடம்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும்" என்பது அவர்களிடையே வழங்கும் கசப்பான வேடிக்கை. அதே சமயம் இரவிலும், கடல்மேலும், மேகம் தரையை மூடிய நாளிலும் ஒற்றை இஞ்சினில் போக மனம் ஒப்பாதவர்களும் உண்டு. சறுக்கி இறங்க இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா என்பது அவர்கள் வாதம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஐரோப்பிய நாடுகள் மேகத்திலும் இரவிலும் இவ்வகை விமானங்கள் கட்டணப் பயணிகளை ஏற்றிச் செல்லப் பொதுவாக அனுமதித்ததே 2017-இல்தான். இலட்சம் மணிப் பறத்தலுக்கு ஒரு முறைக்கு மேல் இஞ்சின் வலு இழக்கக்கூடாது என்பது உலக அளவில் எதிர்பார்க்கும் கணக்கு.

ஆனால் இஞ்சினை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் வேறு பக்கத்திலிருந்து ஆபத்து வரும். 2011 மே 25 இரவு, பாட்னாவிலிருந்து நோயாளி ஒருவரை டில்லிக்குக் கொண்டுவந்த "பிலாட்டஸ் பி.சி.12" என்னும் ஒற்றை இஞ்சின் விமானம் பரீதாபாத்தில் குடியிருப்பின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த ஏழு பேரும், தரையில் மூவரும் மாண்டனர். விசாரணை சுட்டியது இஞ்சினை அல்ல. மோசமான வானிலையையும், அதில் விமானி திசையுணர்வு இழந்து கட்டுப்பாட்டைத் தவறவிட்டிருக்கக்கூடும் என்பதையும்தான். அதே வகை விமானத்தில்தான் ஆஸ்திரேலியாவின் பறக்கும் மருத்துவச் சேவை எத்தனையோ நோயாளிகளைப் பாலைவனத்தின் நடுவிலிருந்து சுமந்து வருகிறது. புயல் மேகத்தைக் கண்டால் திரும்பிவிடும் மனத்துணிவு வேண்டும் என்று மூத்த விமானிகள் சொல்வது இதனால்தான். நோயாளி காத்திருக்கும்போது திரும்புவது எவ்வளவு கடினம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கடலிலும் ஏரியிலும் இறங்கும் கேரவன்களும் உண்டு. சக்கரத்தோடு படகு போன்ற மிதவைகளும் பொருத்தியிருப்பார்கள். இலங்கையில் கொக்கல நீர்நிலையிலும் மலையகத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்திலும் இவை இறங்குகின்றன. நம் அந்தமானில் "ஜல் ஹன்ஸ்" என்ற பெயரில் 2010 டிசம்பர் 30-இல் தொடங்கிய சேவை நீடிக்கவில்லை. கடல் உப்பு உலோகத்தை அரிக்கும்; ஒவ்வொரு நாளும் இஞ்சினுக்கு நன்னீரால் உட்கழுவல் செய்தாக வேண்டும். கண்ணாடிபோல் அலையற்ற நீரில் இறங்குவதே மிகக் கடினமாம்! நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்று கண் ஏமாந்துவிடும்.

குறைகளையும் விமானிகள் மறைப்பதில்லை. ஜெட்டோடு ஒப்பிட்டால் வேகம் குறைவு: மணிக்கு 340 கிலோமீட்டர் அளவுதான். எதிர்காற்று அடித்தால் அதிலும் குறையும். கேரவனின் உள்ளே காற்றழுத்தம் கூட்டும் வசதி இல்லை. ஆகையால் மழைமேகத்துக்கு மேலே ஏறித் தப்ப முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். குளிர் நாடுகளில் இறக்கையில் பனிக்கட்டி படிந்து நேர்ந்த விபத்துகள் பல. நம் நாட்டில் அதைவிட வெயிலே தொல்லை. சூடான காற்று மெலிந்திருப்பதால் சித்திரை மாத மதியத்தில் நிறைசுமையோடு கிளம்ப நீண்ட ஓடுபாதை வேண்டும். காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது.

பாரக் கணக்கும் கண்டிப்பானது. கேரவன் ஏறத்தாழ 1,500 கிலோ சுமக்கும் என்றால், தொட்டி நிறைய ஊற்றிய எரிபொருளே 1,000 கிலோ. மிஞ்சுவது 500 கிலோ. விமானிகள் உட்பட ஆறு ஏழு பேர்! எல்லா இருக்கையும் நிரம்ப வேண்டுமானால் எரிபொருளைக் குறைத்துக் கிட்டத்து ஊருக்குத்தான் போகலாம். ஆகவே பெட்டியோடு நம்மையும் தராசில் நிற்கச் சொல்வார்கள். வெட்கப்படத் தேவையில்லை.

மறைப்பணிக்கும் இவ்விமானங்களுக்கும் பழைய உறவு உண்டு. பப்புவா நியூகினியில் வீவாக் ஆயராயிருந்த லியோ ஆர்க்ஃபெல்ட் தாமே சிறு விமானம் ஓட்டிப் பங்குகளைச் சந்தித்ததால் "பறக்கும் ஆயர்" எனப் பெயர் பெற்றார். அவை பிஸ்டன் காலத்து விமானங்கள். அத்தகைய மலைநாடுகளில் ஏவ்கேஸ் கிடைப்பது அரிதானதால், மறைப்பணியாளர்களின் தேவையை முன்வைத்தே "கோடியாக்" என்ற டர்போபிராப் விமானம் வடிவமைக்கப்பட்டு 2007-இல் சான்று பெற்றது.

நம் பெண்களுக்கும் இந்த இஞ்சின் அந்நியமன்று. ஐதராபாத்தை அடுத்த துண்டிகல் விமானப்படைக் கழகத்தில் 2013 முதல் தொடக்கப் பயிற்சி தரும் "பிலாட்டஸ் பி.சி.7" விமானத்தில் சுழல்வது பி.டி.6 தான். 2016 ஜூன் 18-இல் நாட்டின் முதல் பெண் போர் விமானிகளாகப் பதவியேற்ற அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் முதலில் கற்றது அந்த விமானத்தில்தான்.